அக்காவின் கிணறும் எங்கள் வெள்ளவாய்க்காலும்

எங்கள் பக்கத்தில் ஒரு கிணற்றுத் தண்ணீர் நல்லதா இல்லையா என்று அறிய யாரும் அதைக் குடித்துப் பார்ப்பதில்லை. பருப்பை அடுப்பில் ஏற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நல்ல தண்ணீரென்றால் வெங்காயமும் மிளகாயும் வெட்டி முடிப்பதற்குள் பருப்பு குழைந்துவிடும். உப்புச் சேர்ந்த சவர்த் தண்ணீரென்றால் மத்தியானமானாலும் பல்லில் கடிபடும். "உப்பும் போடத் தேவையில்லை, பசியும் ஆறாது" என்று என் மனைவி அதைச் சொல்லுவாள்.

என் அக்காவின் கிணற்றில் பருப்பு பூவாக அவிந்தது. கரவெட்டிப் பக்கத்தில், கடலேரிக்குக் கால் மணித்தியால நடைதூரத்தில் இருக்கிற எங்கள் ஊரில் அது சின்ன விஷயமில்லை. பக்கத்து வளவிலேயே இருக்கிற என் கிணற்றுத் தண்ணீர் வெங்காயத்துக்குப் போதும், வாய்க்குப் போதாது. எட்டு வீட்டார் அக்காவிடம்தான் குடிக்க அள்ளினார்கள். அவள் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று.

"வாளியை மட்டும் தூக்கிக்கொண்டு வராதையுங்கோ. ஒரு கதையும் கொண்டு வாங்கோ."

கதை இல்லாதவர்கள் பொய்யாவது கொண்டுவந்தார்கள். "இண்டைக்கு ஒண்டும் அம்பிடேல்லை, நாளைக்கு ரெண்டாத் தாறன்" என்று ஒருத்தி தவணை கேட்டுக்கொண்டு குடத்தை இடுப்பில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மனிதர்கள் எப்படிக் கதைப்பார்கள் என்பதை அந்தக் கிணற்றுக்கட்டில் இருந்துதான் படித்தேன். நல்லாயிருந்த பேச்சுகளைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அத்தான் செத்துப்போய், ஒரே மகன் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தாள். தனியாக என்பது கணக்குக்கு. விடிந்தால் கப்பி கிறீச்சிடத் தொடங்கும். பிறகு பேச்சு ஓயாது. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. வேலியில் ஓர் ஆள் குனிந்து போகக்கூடிய ஒரு பொட்டு. அந்தப் பொட்டால் என் மனைவி ஒரு நாளைக்கு எத்தனை தரம் போய்வந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது அந்த வீட்டுக்குக் கூரை இருக்கவில்லை. அக்கா கூரையை அண்ணாந்தும் பார்க்கவில்லை; கிணற்றை எட்டிப் பார்த்தாள். மூன்று நாள் இறைத்தோம். நாலாம் நாள் மூன்று கல்லு வைத்துப் பருப்பு அவித்தாள். பதத்தை விரலால் நசித்துப் பார்த்துவிட்டு, "சரி, இனி இருக்கலாம்" என்றாள். அவளுக்கு வீடு என்றால் அதுதான்.

அந்தத் தண்ணீரை நான் கெடுத்தேன். நான் தனியாக இல்லை, ஊரோடு சேர்ந்துதான். ஆனால் முன்னுக்கு நின்றவன் நான்.

எங்கள் தோட்டங்களுக்கு நடுவால் ஒரு வெள்ளவாய்க்கால் போகிறது. மேட்டில் இருக்கிற வெங்காயத் தோட்டங்களில் தொடங்கி, என் துண்டையும் என் மனைவியின் தம்பியின் துண்டையும் தொட்டு, அக்காவின் வளவுக்குப் பின்பக்கத்தால் வளைந்து, வயலுக்குள் இறங்கிக் கடலேரியில் முடியும். முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கல்லுத்திட்டு இருந்தது. முழங்கால் உயரம். வாய்க்கால் வெட்டினவர்கள் அந்த இடத்தில் மட்டும் கல்லை வெட்டாமல் விட்டிருந்தார்கள். மாரியில் தண்ணீர் அந்தத் திட்டுக்கு மேலே ஏறினால்தான் ஏரிக்குப் போகும். அதுவரைக்கும் தோட்டத்துக்குள் நிற்கும். கீழ்த்துண்டுகளில் வெங்காயம் அழுகும். அக்காவின் கக்கூஸ் குழி நிரம்பி முற்றத்தில் வந்து எட்டிப் பார்க்கும்.

எங்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாங்கள் கல்லுடைத்துத் தோட்டம் செய்தவர்கள். எங்கள் நிலத்தில் ஒரு சாண் மண், அதற்குக் கீழே கல். கல்லைக் கிளப்பி, வண்டியில் மண் கொண்டுவந்து கொட்டி, அதில் வெங்காயம் வைத்த ஆட்கள். ஒரு தோட்டத்தில் உடைக்காத கல்லொன்று கிடந்தால் தோட்டக்காரனை எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஆகவே அந்தத் திட்டுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பஞ்சிக்கல். பஞ்சிப்பட்டு உடைக்காமல் விட்ட கல் என்று அர்த்தம். அதை ஏன் விட்டார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. சோம்பேறித்தனத்துக்கு யார் காரணம் தேடுவார்கள்?

ஐந்து வருடத்துக்கு முன்பு, ஒரு புரட்டாதியில், சிரமதானம் என்று சொல்லி எல்லோரும் இறங்கினோம். பெக்கோ மெஷின் ஒன்று பிடித்தோம். வாய்க்காலை ஆழமாக்கி, வளைவுகளை நேராக்கி, கரையில் நின்ற புல்லையும் தாழையையும் வழித்தெடுத்தோம். மெஷின் உள்ளே வர வழியில்லை. அக்காவே தன் பின்வேலியைப் பிரித்துவிட்டாள். கேத்தல் நிறையத் தேத்தண்ணியும் பாணும் சம்பலும் கொண்டுவந்து வைத்துவிட்டு மெஷின்காரனைப் பகிடி பண்ணினாள்.

"தம்பி, உம்மடை உந்த யானை என்ரை முருங்கையைத் தின்னாமல் பாத்துக்கொள்ளும்."

"இல்லை அம்மா, இது டீசல் மட்டும்தான் குடிக்கும்."

"குடிச்சிட்டுப் போற ஆக்களைத்தான் எனக்குப் பயம்."

பஞ்சிக்கல்லில் மெஷினின் வாய் ஏறவில்லை. கிறீச் கிறீச்சென்று வழுக்கியது. அதைக் கண்டு எங்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. கல் நெம்புகிற அலவாங்கும் சம்மட்டியும் எடுத்தோம். மனைவியின் தம்பி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, "அத்தான், தள்ளுங்கோ, உது எங்கடை பலம் பாக்க விட்ட மாப்பிள்ளைக் கல்" என்று முதல் அடி போட்டான். பின்னேரம் கல்லிருந்த இடத்தில் தண்ணீர் போக நேரான வழி இருந்தது. நான் நடுவில் நின்று ஒரு படம் எடுப்பித்தேன். இப்போதும் தொலைபேசியில் இருக்கிறது. அழிக்க மனமில்லை, பார்க்கவும் மனமில்லை.

அந்த மாரியைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன், நல்ல மாரி. பெய்த மழை ஒரு நாளைக்குள் வடிந்தது. மற்ற ஊர்க்காரர் தண்ணீர் வற்றப் பார்த்துக்கொண்டிருந்தபோது எங்கள் வெங்காயம் தலை நிமிர்ந்து நின்றது. சுன்னாகம் சந்தைக்கு முதலில் போனது எங்கள் மூட்டைகள்தான். "உங்கடை ஊரிலை மழை பெய்யேல்லையோ?" என்று வியாபாரிகள் கேட்டார்கள். "பெய்தது. போகச் சொன்னம், போட்டுது" என்றான் மனைவியின் தம்பி. அக்காவின் முற்றம் காய்ந்திருந்தது. அவளும் சந்தோஷப்பட்டாள்.

அடுத்த ஆடியில் கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தபோது அவன் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். வாளிக்குள் றால்.

"அத்தான், எங்கடை வாய்க்காலுக்குள்ளை பிடிச்சது! இனி என்னத்துக்கு வெங்காயம்? தோட்டத்திலையே றால் விளையுது!"

நாங்கள் சிரித்தோம். றாலை அக்காவுக்கும் கொடுத்துக் கறி வைத்து எல்லோரும் சாப்பிட்டோம். முருங்கைக்காயும் போட்ட கறி. நல்ல ருசி. வயலுக்கு நடுவே போகிற வாய்க்காலில் றால் எப்படி வந்தது என்று ஒருவருக்கும் யோசனை ஓடவில்லை. கல் இல்லாத வழியால் மழைத்தண்ணீர் வெளியே போகும். காற்று திரும்பினால் ஏரித்தண்ணீர் அதே வழியால் உள்ளே வரும். கடல் எங்கள் கொல்லைக்கு வந்து நின்றது. நாங்கள் அதைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டோம்.

இரண்டு கிழமை கழித்து அக்கா வேலிப் பொட்டால் தலையை நீட்டினாள். "பிள்ளை, உன்ரை பருப்பிலை ஒரு சுண்டு தா. கடைக்காரன் எனக்குப் பழசைத் தந்திட்டான்."

என் மனைவி கொடுத்தாள். மற்ற நாளும் வந்தாள். "உன்ரையும் பழசுதான்." பிறகு கடையை மாற்றினாள். பிறகு நெல்லியடிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வேறு பருப்பு எடுப்பித்தாள். ஒரு மாதம் முழுக்க அவள் பருப்பைக் குற்றம் சொன்னாள். தண்ணீரைச் சொல்லவில்லை. எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஒருநாள் காலையில் அவளுடைய அடுப்படிக்குப் போனேன். பானை கொதித்துக்கொண்டிருந்தது. அவள் பானைக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"எத்தினை மணிக்கு வைச்சனி?" என்றேன்.

"அதை விடு. நீ தேத்தண்ணி குடிச்சிட்டியோ?"

அவ்வளவுதான் அவள் என்னைக் கேட்டது. அதற்குப் பிறகும் என்னைப் பிழை சொல்லி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

எட்டு வீட்டாரும் ஒவ்வொருவராய் அள்ள வருவதை நிறுத்தினார்கள். தண்ணீர்ப் பவுசர் லொறி சந்திக்கு வரத் தொடங்கியது. எல்லோரும் அங்கே கலனோடு வரிசையில் நின்றார்கள். அக்காவும் நின்றாள். ஒரு கலனைத் தூக்கமுடியாமல் உருட்டிக்கொண்டு வந்தவளிடம், "நான் கொண்டுவந்து தாறன் எண்டு சொன்னேனல்லோ" என்று நான் கத்தினேன். அவள், "தண்ணியை நீ கொண்டருவாய். பவுசர்காரன் கதை கொண்டு வாறேல்லையே" என்றாள்.

அவளுக்கு முதலே பிரஷர் இருந்தது. உப்புத் தண்ணீரை மறந்தும் வாயில் வைக்கக்கூடாதென்று டொக்டர் சொல்லிவிட்டார். பவுசர் வராத நாட்களில் அவள் மறைத்து அந்தத் தண்ணீரையே குடித்திருக்கிறாள். "என்ரை கிணறு எனக்கு நஞ்சு வைக்குமே?" என்று டொக்டரிடமே கேட்டாளாம். கடைசியில் மகன் வந்தான். கொழும்பில், வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் வீடு. அக்கா இரண்டு பையோடு வெளிக்கிட்டாள். வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் தந்தாள்.

"பொட்டை அடைச்சுப்போடாதை" என்றாள். "ஆள் இல்லை எண்டு வேலிக்குத் தெரியக்கூடாது."

அதற்குப் பிறகு வந்த விடியல்களை எப்படிச் சொல்வது? முன்பெல்லாம் நான் தோட்டத்துக்கு வெளிக்கிடுகிற நேரத்தில் அந்தப் பக்கத்துக் கப்பி கிறீச்சிடும். அது நாற்பது வருடப் பழக்கம். அந்தச் சத்தம் இல்லாமல் என் கால் வாசலைத் தாண்ட யோசித்தது. யாராவது நல்லதொரு பேச்சைச் சொன்னால், அக்காவுக்குச் சொல்லவேண்டும் என்று பொட்டுவரைக்கும் நடந்துவிட்டு நிற்பேன். தொலைபேசியில் சொல்லலாம்தான். சொன்னேன். அவள் சிரித்தாள். ஆனால் தொலைபேசியில் அவள் எனக்குத் திருப்பிச் சொல்ல ஒரு கதையும் இருக்கவில்லை. "இஞ்சை தண்ணி குழாயிலை வருது, தம்பி. குழாய்க்கு வாய் இருக்குது, கதை இல்லை." என் மனைவி பொட்டால் போய், பூட்டின வீட்டு முற்றத்தைக் கூட்டிவிட்டு வருவாள். கூட்ட ஒன்றும் இருக்காது.

அக்கா திரும்பி வந்து இருக்கிற மாதிரித் தண்ணீர் திரும்புமா? எனக்கு வேறு கேள்வி இருக்கவில்லை. அந்தக் கேள்வியோடுதான் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் போனேன். இளம் பிள்ளை, எல்லோரும் மிஸ் என்போம். உப்பை அளக்கிற சின்னக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து அக்காவின் கிணற்றில் விட்டுப் பார்த்தா. வாய்க்கால் வாயில் விட்டுப் பார்த்தா. பிறகு உடைந்த கல்லுத்திட்டுக்குப் பக்கத்தில் குந்தி இருந்துகொண்டு சொன்னா:

"ஐயா, உங்கடை வாய்க்கால் ரெண்டு பக்கமும் ஓடுது."

நான் தோட்டப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"இந்த நிலத்துக்குக் கீழை உப்புத் தண்ணி. அதுக்கு மேலை மழைத்தண்ணி பாலாடை மாதிரிக் கிடக்குது. அந்த ஆடையைத்தான் அம்மா இவ்வளவு நாளும் அள்ளிக் குடிச்சவ. நீங்கள் மழையை ஒரு நாளிலை ஏரிக்கு அனுப்பிப்போட்டால் ஆடை எங்கை படியிறது?"

"அப்ப உந்தக் கல்லு…"

"தெரிஞ்சுதான் விட்டிருப்பினம்."

எனக்கு அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. பஞ்சிக்கல். வெட்கத்தில் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கல்லைத் திருப்பி வைச்சு எல்லாற்றை வெங்காயத்தையும் அழுக விடச் சொல்லேல்லை, ஐயா" என்றா மிஸ். "திறக்கவும் பூட்டவும் கூடின மாதிரி ஒண்டு செய்யுங்கோ."

அப்படித்தான் பலகை வந்தது. கல்லிருந்த இடத்தில் இரண்டு பக்கமும் கொங்கிறீட் தூண் கட்டி, தூணில் நீளப் பள்ளமாய்த் தவாளிப்பு விட்டு, அதற்குள் ஒன்றுக்குமேல் ஒன்றாக மூன்று பலகை இறக்குகிற ஏற்பாடு. வெங்காயம் சின்னனாய் இருக்கும்போது ஒரு பலகை, மழை வேகம் குறைந்த பிறகு இரண்டு, கடைசி மழையைப் பிடித்து வைக்க மூன்று. கோடையில் மூன்றும் நின்று ஏரியை வெளியே வைத்திருக்கும். உப்பில் உக்காத பலகை வேண்டுமே என்று குருநகர்க் கரைக்குப் போனேன். உடைத்துப் போட்ட பழைய வள்ளமொன்றின் பலகையைத் தந்த மனிதர் வாயில் சுருட்டோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினை அடித் தண்ணியைத் தடுக்கப் போறீர்?"

"முழங்கால் அளவு, அண்ணை."

"உது நாப்பது வருசம் கடலைத் தடுத்த பலகை காணும். முழங்காலுக்கு வைச்சு அதின்ரை மானத்தை வாங்காதையும்."

வாய்க்கால் கரையில் புல்லையும் திரும்ப வளர விட்டோம். மண்ணும் உரமும் ஏரிக்குக் கரைந்து போகாமல் புல்லுப் பிடித்து வைக்கும் என்று மிஸ் சொன்னா. செதுக்காமல் விட்ட கரையைக் கண்டு, "அண்ணை வாய்க்காலுக்குத் தாடி வளக்கிறார், ஆருக்கு நேர்த்திக்கடனோ?" என்று ஊரில் ஒருவர் கேட்டார். பிழையாகக் கேட்கவில்லை. நேர்த்திதான்.

முதல் மாரியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாரி போய்த் தை பிறந்ததும் என் மனைவி அக்காவின் கிணற்றில் ஒரு வாளி அள்ளிக்கொண்டு வந்து, அடுப்பை மூட்டினாள். நான் வெங்காயத் தோட்டத்துக்குப் போவதுபோல வெளிக்கிட்டுப் போய், போகாமல் படலையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் அகப்பையோடு வெளியே வந்தாள். அகப்பையில் மஞ்சளாய், குழைந்து. தொலைபேசியில் அக்காவைக் கூப்பிட்டு அகப்பையைக் காட்டினாள். அந்தப் பக்கத்தில் முகம் தெரியவில்லை; வெள்ளவத்தை வீட்டுக் கூரைதான் தெரிந்தது. அக்கா தொலைபேசியை மடியில் வைத்துவிட்டாள் போல. மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

ஆனால் தண்ணீர் முழுதாய்த் திரும்பி வரவில்லை. மிஸ் முதலே சொல்லியிருந்தா: மோட்டர் போட்டு இறைத்தால் அடியில் இருக்கிற உப்பு ஏறும், வாளியால் மேலாக அள்ளவேண்டும். அக்கா அப்படியே அள்ளினாள். அப்படி அள்ளியும் மாசிக் கடைசியில் பருப்பு கடிபடத் தொடங்கியது. ஆடை அவ்வளவுதான். அக்கா பையைக் கட்டினாள். அதற்கடுத்த வருடம், மூன்றாம் பலகையைக் கொஞ்சம் முந்திப் போட்டதால், பங்குனி முழுக்க இருந்தாள். பங்குனித் திங்களுக்குக் கோயிலில் பொங்கினாள். ஐந்தாறு வீட்டார் திரும்பவும் வாளியோடு வந்தார்கள். வராத கதைகளுக்கெல்லாம் சேர்த்து வசூலித்தாள்.

இப்படித்தான் எங்களுக்கு ஒரு புதுக் கலண்டர் வந்தது. பலகைக்கு இவ்வளவு நாள் என்று அக்கா மனத்துக்குள் வைத்திருந்தாள். இரண்டு பலகை நின்றால் மாசி வரைக்கும். மூன்றாவது நேரத்துக்கு ஏறினால் பங்குனி வரைக்கும். ஆனால் மூன்றாவது ஏறினால் தண்ணீர் மனைவியின் தம்பியின் துண்டில்தான் போய் நிற்கும். எல்லாத் துண்டிலும் பதிவான பள்ளத்துண்டு அவனுடையது.

போன மாரியில் அக்கா முந்தியே வந்துவிட்டாள். மழை விட்டது, இனிப் பெரிதாய் இராது என்று எல்லோரும் சொல்ல, மார்கழி நடுவில் நானும் அவனுமாய் மூன்றாம் பலகையை இறக்கினோம். இறக்கி ஐந்தாம் நாள் கடலில் தாழமுக்கம் என்று வானொலி சொன்னது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நாலாம் நாள் காலையில் அவன் நனைந்துகொண்டு வந்து எங்கள் விறாந்தையில் நின்றான். கையில் பிடுங்கின வெங்காயம் நாலைந்து. மேசையில் வைத்தான். வேர் பழுப்பாய் இருந்தது.

"அத்தான், நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான். "உது சொல்லுது."

அவனுடைய அக்கா, என் மனைவி, வெங்காயத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வெளியே மழையைப் பார்த்தேன். அதுதான் அந்த வருடத்தின் கடைசி மழை என்று எனக்கு நன்றாய்த் தெரிந்தது. அதை விட்டால் பிடிக்க வேறு மழை இல்லை.

"நாளைக்கு மட்டும் பாப்பமே?" என்றேன்.

"நாளைக்கு உது வெங்காயம் இல்லை அத்தான், சம்பல்."

அவனுக்கு மூன்று பிள்ளைகள். அந்தத் துண்டைத் தவிர வேறு தோட்டமில்லை. எனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டும் பலகையைத் தூக்குவோம் என்று சொல்ல மனம் வரவில்லை. அப்போது வேலிப் பொட்டால் ஒரு குடை நுழைந்தது. குடைக்குப் பின்னால் அக்கா.

"உதென்ன, செத்த வீடு மாதிரி மூண்டு பேரும் முழிக்கிறியள்?" மேசையைப் பார்த்தாள். ஒரு வெங்காயத்தை எடுத்து வேரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அலவாங்கை எடு" என்றாள்.

"அக்கா, ஒரு நாள்—"

"டேய், நான் கொழும்பிலை போய் இருப்பன். உவன்ரை வெங்காயம் எங்கை போய் இருக்கும்?"

நாலு பேரும் வாய்க்காலுக்குப் போனோம். பலகை ஊறித் தவாளிப்போடு இறுகியிருந்தது. நானும் அவனும் இரண்டு பக்கமும் அலவாங்கு கொடுத்து நெம்பினோம். ஒரு விரல், இரண்டு விரல், பிறகு ஒரேயடியாய்க் கிளம்பியது. தண்ணீர் பலகை இருந்த இடத்தால் மடித்து விழுந்து ஏரிப்பக்கம் ஓடியது. செம்மண் நிறம். புல்லுக்குள் நின்ற கொக்கொன்று எழும்பி வயலுக்குப் போனது. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று, பஸ்ஸில் ஏற்றிவிட்ட ஆளைப் பார்ப்பதுபோலத் தண்ணீரைப் பார்த்தாள்.

"போகுது பார், என்ரை பங்குனி" என்றாள்.

மனைவியின் தம்பி தலையை நிமிர்த்தவில்லை. "மச்சாள், வெங்காயம் கிண்டேக்கை முதல் பிடி உங்களுக்கு."

"கொழும்பிலை வெங்காயம் இருக்குதடா. நீ பிள்ளையளுக்குக் கொடு."

வெங்காயம் தப்பியது, முழுதாய் இல்லாவிட்டாலும். அக்கா மாசி இருபதாம் நாள் போனாள். போகிற அன்றைக்குக் காலையிலும் பருப்பு வைத்தாள். பல்லில் கடித்துப் பார்த்துவிட்டு, பானையை நாய்க்குக் கவிழ்த்தாள். இந்த முறை திறப்பைத் தரும்போது பொட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

இதை எழுதுவது பங்குனியில். முதல் திங்கள் போய்விட்டது. அவளுடைய முற்றத்தில் முருங்கை காய்த்து நிற்கிறது. வெட்டிக் கறி வைக்கலாம், ஒருவரும் வெட்டவில்லை. பகலில் நான் வாய்க்கால் வாய்க்குப் போய் மூன்று பலகையும் சரியாய் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வருகிறேன். இப்போது அது பிடிப்பதற்கு மழை இல்லை. ஏரியைத்தான் தடுத்துக்கொண்டு நிற்கிறது.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மனைவியின் தம்பியின் துண்டில் தண்ணீரை நிறுத்தி அக்காவைக் கூப்பிடுவது நியாயமில்லை. அக்காவின் வளவோடு ஒட்டின என் இரண்டு பரப்பு நிலம் இருக்கிறது. என்னிடம் உள்ளதில் நல்ல மண் அதுதான். அதைச் சுற்றி வரம்பு உயர்த்தி, மண்ணைக் கிடங்காய் வாரி எடுத்தால், தம்பியின் துண்டுக்குக் கேடில்லாமல் மழை முழுக்க அங்கே நிற்கும். நின்று அக்காவின் கிணற்றுப் பக்கம் மெல்ல இறங்கும். வெங்காயம் வைக்க முடியாது. மொட்டைக்கறுப்பன் நெல்லு விதைத்தால் தண்ணீரில் நின்று ஏதோ தரும், வெங்காயம் தருகிறதைப் போல வராது. மிஸ்ஸிடம் கேட்டேன். "எத்தினை கிழமை கூடும் எண்டு என்னாலை சொல்லேலாது ஐயா, ஆனா கூடும்" என்றா.

மனைவியிடம் சொல்லத்தான் பயமாயிருந்தது. அந்த இரண்டு பரப்பை அவள்தான் ஒவ்வொரு கல்லாய்ப் பொறுக்கித் தோட்டமாக்கினவள். மத்தியானம் சாப்பிட்டு முடிந்ததும் சொன்னேன். அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கழுவி முடித்து, கையைத் துடைத்து, பொட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு உந்த மண்ணிலை வெங்காயம் எப்பிடி வரும் எண்டு தெரியுமெல்லே?" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கிறியளோ?"

"ஓம்."

கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "வெங்காயத்தோடை இருந்து கதைக்கேலுமே அப்பா?" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள், வாசலில் திரும்பி நின்று, "ரெண்டு பரப்பு அதுக்குப் போதுமோ?" என்று கேட்டாள்.

தெரியாது என்று சொன்னேன்.